மோசஸ் அண்ணனும் இரவல் கோட்டும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்குச் செய்தி வந்தது. பொத்தேரியில் ரயில் ஏறி, கதவோரம் நிற்க இடம் பிடித்திருந்தேன். கூப்பிட்டது சீனு. செங்கல்பட்டில் எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன்.

"அக்கா, மோசஸ் அண்ணன் தவறிட்டாரு. தூக்கத்துலயே. ஷீலா அண்ணி இப்பதான் போன் பண்ணாங்க" என்றான். கொஞ்சம் தயங்கி, "நான் நேர்ல போய்ப் பாத்துட்டுதான்க்கா சொல்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அதைச் சேர்த்தது சரிதான். மோசஸ் அண்ணன் சம்பந்தப்பட்ட சாவுச் செய்தியை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டவுடன் நம்புவதில்லை. அன்று மதியத்துக்குள் என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்கவில்லை; சரிபார்த்தார்கள். "போட்டோ ஏதாவது மாறிப்போச்சாம்மா?" என்று ஒரு கவுன்சிலர் கேட்டார். இல்லை சார், இந்த முறை மாறவில்லை என்றேன். அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மோசஸ் டிஜிட்டல்ஸ் என்பது செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஒற்றை ஷட்டர் கடை. மஞ்சள் நீராட்டு விழாவிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாவற்றுக்கும் பேனரும் போஸ்டரும் அடிப்போம். அண்ணனும் நானும்தான். ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இதற்கா வந்தாய் என்று வீட்டில் கேட்பார்கள். அண்ணனைப் பற்றித் தெரியாதவர்களிடம் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அவர் தப்பு செய்யாத நாள் கிடையாது. நாள்காட்டித் தாளை இரண்டு நாள் முன்கூட்டியே கிழித்துவிடுவார். கிழித்தது தெரிந்ததும் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, நீவி, செல்லோடேப் போட்டுத் திரும்ப ஒட்டுவார். வருடக் கடைசியில் எங்கள் நாள்காட்டி கட்டுப்போட்ட கை மாதிரி இருக்கும். ஒருமுறை மை வாங்கத் தாம்பரம் போவதற்காக ரயில் ஏறித் தூங்கிவிட்டார். கடற்கரை நிலையத்தில் வண்டி திரும்பியது, இவர் எழவில்லை. கண் விழித்தபோது செங்கல்பட்டு. வந்துவிட்டோமே என்று இறங்கப் போனவர், மை வாங்காதது நினைவுக்கு வந்து, அதே வண்டியில் உட்கார்ந்து மறுபடி தூங்கினார். தாம்பரத்தை அன்று நான்கு தடவை கடந்திருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மாலை கடைக்கு வந்ததும் ஷட்டரைத் தாண்டுவதற்கு முன்னாலேயே, "ஸ்ரீதேவி, இன்னிக்கி இன்னா பண்ணேன்னு கேளு" என்று ஆரம்பித்துவிட்டார். சீனுவையும் டீ ஆற்றுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்க வைத்தார்.

இதுதான் அவர் வழக்கம். தன் தப்பை வேறு யாரும் சொல்வதற்கு முன்பு தானே போய்ச் சொல்லிவிட வேண்டும். "நம்ம தப்ப அடுத்தவன் சொன்னா அவனுக்குத்தான் சிரிப்பு. நாமளே சொன்னா ரெண்டு பேரும் சிரிக்கலாம்ல" என்பார்.

ரெண்டு பேரும் சிரிக்க முடியாத தப்பு ஒன்று மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதத்தில் நடந்தது.

ஒரே நாளில் இரண்டு வேலை வந்திருந்தது. ஒன்று, மாமல்லபுரத்துக்குப் பக்கத்து மீனவக் குப்பத்தில் ஜம்புலிங்கம் என்பவரின் மகள் விஜயகுமாரிக்கு நிச்சயதார்த்த பேனர். பெண், மாப்பிள்ளை, நடுவில் பெண்ணின் அப்பா. இன்னொன்று, திருக்கழுக்குன்றத்தில் இறந்துபோன ஏகாம்பரம் என்பவருக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்கான கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நாற்பது. இரண்டு பேரையும் நாங்கள் பார்த்ததில்லை. படங்கள் போனில் வந்தன.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஏகாம்பரம் மாமல்லபுரத்தில் பல வருடம் இளநீர் விற்றவர். படம் எடுத்ததும் அங்கேதான். ஜம்புலிங்கமும் அதே ஸ்டுடியோவில்தான் எடுத்திருந்தார். அந்த ஸ்டுடியோவில் வருகிறவர்களுக்குப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே கோட்டு. ஆகவே இரண்டு படத்திலும் அதே நீலத் திரை, அதே கோட்டு, அதே தடித்த மீசை, ஒரு கையை வயிற்றின் மேல் மடக்கி வைத்த அதே நிலை. அந்த இரண்டு படங்களையும் இறக்கி, பெயர் மாற்றிச் சேமித்தது நான்தான். மாற்றிச் சேமித்துவிட்டேன். அண்ணன் கோட்டைப் பார்த்தார், சரி என்று அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜம்புலிங்கம் கூப்பிட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"மோசஸ் டிஜிட்டலா? இன்னிக்கி சாயங்காலம் என் பொண்ணுக்கு நிச்சயம். பேனர இப்பதான் பிரிச்சோம். பொண்ணு கரெக்டா கீது. மாப்ள கரெக்டா கீறாரு. பொண்ணோட அப்பான்னு நடுவுல ஒருத்தர் நின்னுகினு கீறாரே, அவரு யாரு?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"எனக்கு எப்டிபா தெரியும்? நான்தான பொண்ணோட அப்பன்."

அண்ணன் கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இறந்தவர் நிச்சயதார்த்த பேனரில் நிற்கிறார் என்றால், உயிரோடு இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று யோசிக்க வேண்டியதில்லை. போஸ்டர் ஒட்டுகிறவர் விடியற்காலையிலேயே நாற்பதையும் எடுத்துப் போய் திருக்கழுக்குன்றம் முழுக்க ஒட்டி முடித்திருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. மாப்ள வூடு எந்த ஊரு?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"திருக்கழுக்குன்றம்."

அண்ணன் போனை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு எடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தேடித் தேடி அமைஞ்ச சம்பந்தம்பா" என்றார் ஜம்புலிங்கம். "நாலு எடம் தட்டிப் போயி இது வந்துகீது. இதுவும் போச்சுன்னா என் பொண்ணு மூஞ்சில நான் முழிக்க முடியாது."

"போகாதுண்ணா. நீங்க அங்கேருந்து கெளம்புங்க, நான் இங்கேருந்து வரேன். திருக்கழுக்குன்றம் நடுவுலதான கீது."

படத்தை மாற்றியது நான் என்று அப்போது அண்ணனிடம் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. "மாத்தி வெச்சது நீ. பாக்காம அடிச்சது நான். கடை போர்டுல யார் பேரு கீது? அழுவாத, மெஷின ஆன் பண்ணு" என்றார்.

நாற்பது போஸ்டரை மறுபடி அடிக்க நேரமில்லை. அதனால் ஏகாம்பரத்தின் முகத்தை மட்டும் சரியான அளவில் சதுரமாக, பின்னால் பசையுள்ள தாளில் அடித்து வெட்டினோம். போஸ்டரில் பெயர் சரி, தேதி சரி, கோட்டுகூடச் சரி. முகம்தான் தப்பு. முகத்தின் மேல் முகத்தை ஒட்டினால் தீர்ந்தது. அரை மணி நேரத்தில் நாற்பது ஏகாம்பரங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன் பேனர் வேலைக்கு அண்ணனின் மனைவி ஷீலா அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். சரியான படத்தை நானே வைத்துவிட்டு, அதை அண்ணனை விட்டு ஜம்புலிங்கத்துக்கு வீடியோ காலில் காட்டி, அவர் "நான்தான், நான்தான்" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தோம்.

திருக்கழுக்குன்றம் பேருந்து நிலையத்தில் ஜம்புலிங்கம் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அவர். எதிரே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் சுவரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். டீக்கடைக்காரர் டீயைக் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துத் தள்ளினார்.

ஜம்புலிங்கம் போஸ்டரை முழுவதும் படித்து முடித்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும், "எழுவத்தொண்ணுன்னு போட்டுகினு கீறியே. எனக்கு அம்பத்தி நாலுதான்" என்றார்.

"அது அவரு வயசுண்ணா."

"மூஞ்சி என்னுதாச்சே. படிக்கிறவன் இன்னா நெனைப்பான்?"

அங்கேயே முதல் முகத்தை ஒட்டினோம். அடுத்தது எது என்று திரும்பியபோது ஜம்புலிங்கத்தின் போன் அடித்தது. மாப்பிள்ளை வசந்த்தின் அம்மா அமிர்தவல்லி. மலையடிவாரத்தில் பூசைப் பொருள் கடை வைத்திருப்பவர். கடைக்கு எதிர்ச் சுவரில் ஒன்று ஒட்டியிருந்தது.

"இப்பவே கடைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

யாருக்கும் தெரியாமல் ஒட்டிவிட்டுப் போய்விடலாம் என்பதுதான் என் யோசனையாக இருந்தது. அதற்கு இனி வழியில்லை. மூன்று பேரும் போனோம். அந்த அம்மா கற்பூரப் பொட்டலங்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி. இல்ல, ஏகாம்பரம்னு கூப்புடணுமா?"

ஜம்புலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அவரே எதிர்ச் சுவரைப் பார்த்துப் படித்தார். "இப்படிக்கு மனைவி, மகன்கள் ரெண்டு, மருமகள்கள், பேரப்பிள்ளைங்க நாலு. எங்ககிட்ட ஒரே பொண்ணுன்னு சொன்னீங்க. எங்க ஊர்லயே ஒரு குடும்பம் வெச்சிருந்து, அதுல செத்தும் போயிட்டீங்க."

"சத்தியமா அது நான் இல்லம்மா."

"மூஞ்சி உங்களுது."

"மூஞ்சி என்னுதுதான்."

"அப்ப?"

"மத்தது எதுவும் என்னுது இல்லமா."

மோசஸ் அண்ணன் முன்னால் போனார். "அம்மா, தப்பு என்னுது. போஸ்டர் அடிச்சவன் நான். ரெண்டு பேர் போட்டோவையும் மாத்திட்டேன்."

"நீங்க யாரு? அந்த வூட்டு ஆளா?"

நம்ப வைப்பதற்காக அண்ணன் தன் போனில் முதலில் அடித்திருந்த தப்பான பேனரைக் காட்டினார். அது தப்புக்கு மேல் தப்பு. அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் பையனுக்கும் வருங்கால மருமகளுக்கும் நடுவில் ஏகாம்பரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எம் புள்ள நிச்சயத்துக்கு செத்தவரா வந்து நிக்கிறாரு?" என்றார். "இத எல்லாரும் பாத்துட்டாங்களா?"

"இன்னும் தொங்கவுடலமா. உண்மைய சொல்லணும்னுதான் காட்டினேன்."

"இவ்ளோ உண்மை வாணாம்யா எனக்கு" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "நாலு மணிக்கு எங்க சொந்தக்காரங்க வேன் ஏறுறாங்க. அந்த ஏகாம்பரம் வூட்ல யாராவது வந்து, இந்த ஆளு வேற, எங்க ஆளு வேறன்னு என் எதிர்ல சொல்லட்டும். இல்லன்னா வேன் கெளம்பாது" என்றார்.

ஏகாம்பரம் வீடு இரண்டு தெரு தள்ளி. அன்றைக்கு அங்கே காரியம். சாமியானா போட்டு, பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணனின் போனில் அந்த வீட்டு மகன்களிடமிருந்து வந்து எடுக்காமல் விட்ட அழைப்புகள் பதினேழு சேர்ந்திருந்தன. ஜம்புலிங்கத்தை அங்கே கூட்டிக்கொண்டு போவது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமில்லை. ஆனால் எப்படியும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய வீடு. அமிர்தவல்லியம்மா கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்.

சாமியானாவுக்குள் ஜம்புலிங்கம் நுழைந்ததும் பந்தியில் சத்தம் நின்றது. அதுவரை அந்த முகத்தைச் சுவரில் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது அது நடந்து வருவதைப் பார்த்தார்கள். மூத்த மகன் எழுந்து வந்து, "எவன்யா போஸ்டர் அடிச்சது?" என்றான்.

"நான்தான் தம்பி" என்றார் அண்ணன். "தப்பு முழுசா என்னுது. உங்கப்பா மூஞ்சி போடற எடத்துல இவரு மூஞ்சியப் போட்டுட்டேன். அடிக்கறதுன்னா அடி. ஆனா கொஞ்சம் சீக்கிரம் அடிச்சுடு, நாலு மணிக்குள்ள முப்பத்தொம்பது எடத்துல ஒட்டணும்."

அப்போது உள்ளேயிருந்து ஏகாம்பரத்தின் மனைவி வந்தார். வேண்டா என்று பெயர். ஒல்லியான உருவம். பதினாறு நாள் அழுத கண். ஜம்புலிங்கத்துக்கு முன்னால் வந்து நின்று அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"காலையிலேருந்து செவுத்தப் பாத்துகினே கீறேன்" என்றார். "நம்ம வூட்டுக்காரர் இவ்ளோ ஷோக்கா எப்ப இருந்தாருன்னு."

பிறகு அவரிடமே கேட்டார்.

"அந்தக் கோட்டுல ரெண்டாவது பட்டன் இருக்காதே."

"இல்லமா" என்றார் ஜம்புலிங்கம்.

"நான்தான் அவரக் கைய மடக்கி வெச்சு மறைச்சுக்கோன்னு சொன்னேன்."

"என் பொண்டாட்டியும் அதத்தாம்மா சொன்னா."

வேண்டாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு முடியாமல் உட்கார்ந்து சிரித்தார். மூத்த மகன் "அம்மா" என்றான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அந்த வீட்டில் பதினாறு நாளில் அதுதான் முதல் சிரிப்பு என்று பிறகு அந்தப் பையனே சொன்னான்.

அமிர்தவல்லியம்மா விடவில்லை. "நீங்க வாயால சொல்லுங்கக்கா. இவரு உங்க வூட்டுக்காரர் இல்லைதானே?"

"இல்லம்மா. அவரு செத்த பதினாறாம் நாள்ல பதினேழு வயசு கொறஞ்சு திரும்பி வந்திருந்தா, நான் அவர உனக்கு சம்பந்தியா வுட்டுக்குடுத்துட்டு நிப்பேனா?"

அதற்கு மேல் அமிர்தவல்லியம்மாவும் கேட்கவில்லை. போகும்போது அண்ணனிடம், "நாலு மணிக்கு எங்க ஆளுங்க கண்ணுல ஒண்ணுகூடப் படக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நேரம் பன்னிரண்டரை. காரியச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று வேண்டாம்மா உட்கார வைத்துவிட்டார். ஜம்புலிங்கம் வடையை மறுத்தார். "என் போஸ்டருக்கு நானே சாப்பிடற மாதிரி கீது" என்றார். பிறகு இரண்டு சாப்பிட்டார்.

ஒரு மணிக்கு ஆரம்பித்தோம். வெயில் சுவரெல்லாம் கொதித்தது. ஏகாம்பரத்தின் இரண்டு மகன்களும் ஆளுக்கு ஒரு கத்தை முகத்தை வாங்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். உயரத்தில் ஒட்டியவற்றுக்கு ஜம்புலிங்கம் அண்ணனின் தோளில் ஏறினார். தன் முகத்தைத் தானே மூடிய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் ஒரு கணம் பார்த்துக்கொண்டார். "போட்டோ நல்லாத்தான்பா வந்துகீது" என்றார், அண்ணனின் தோள் மேலிருந்து.

இரண்டு இடத்தில் அண்ணன் முகத்தைத் தலைகீழாக ஒட்டினார். பிய்த்துத் திரும்ப ஒட்டும்போது, "பாத்தியா ஸ்ரீதேவி, தப்பத் திருத்தறதுலயும் தப்பு வரும். அதுக்கும் டைம் வெச்சுக்கணும்" என்றார். உபதேசமாகச் சொல்லவில்லை. மீசையில் பசைத் தாள் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு வேன் கிளம்பியது. ஜன்னலோரம் அமிர்தவல்லியம்மா உட்கார்ந்து, தெரு முனை வரைக்கும் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போனார். வேன் கண்ணில் இருந்து மறைந்ததும் ஜம்புலிங்கம் தன் வண்டியில் குறுக்கு வழியில் பறந்தார். பெண்ணின் அப்பா சம்பந்திகளுக்குப் பின்னால் வந்து சேர முடியாது.

நிச்சயம் நடந்தது. எங்களையும் விடாமல் கூப்பிட்டார்கள். புதுப் பேனரில் சரியான ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டு மாற்றி முடித்ததும் விஜயகுமாரி அண்ணனிடம் வந்து, "எங்கப்பா காலையிலேருந்து சாப்புடலைன்னு நெனச்சேன். வடை சாப்பிட்டாராமே" என்றாள். அவளிடம் அண்ணன் முழுக் கதையையும் சொன்னார், அவளுடைய மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. மாமியார் இரண்டு இடத்தில் திருத்தினார்.

தப்பான பேனரை வேண்டாம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டும் ஆண் பிள்ளைகள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பாவாக நிற்க வேண்டும் என்று ஏகாம்பரத்துக்கு ஆசை இருந்ததாம்.

அண்ணன் அதோடு விடவில்லை. மாமல்லபுரத்து ஸ்டுடியோவுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, தன் கைக்காசில் இன்னொரு கோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார், மெரூன் நிறத்தில். நாற்பதுக்கு முன் மாதிரிக்கு அடித்துப் பார்த்திருந்த தப்பான போஸ்டர் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அடியில் 'இது என் தப்பு. மோசஸ்' என்று எழுதியிருந்தார். என் பெயரை எழுதச் சொல்லிப் பலமுறை கேட்டேன். எடமில்லை என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு விதி வந்தது. அஞ்சலி போஸ்டர் என்றால், படத்தில் இருப்பவருடைய எண்ணுக்கு முதலில் போன் செய்ய வேண்டும். அவரே எடுத்தால் அடிக்கக் கூடாது. இந்த விதியால் பல வம்புகள் வந்தன. ஒருவர் தன் பிறந்தநாள் பேனருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அண்ணன் கம்ப்யூட்டரில் ஃபைலை மாற்றித் திறந்துவிட்டு, "அண்ணாத்த, உசுரோடதான கீறீங்க?" என்று அவரிடமே கேட்டார். ஐம்பதாவது பிறந்தநாள். அந்த ஆள் உடனே போய் இருதயப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். ஆனால் முகம் மாறிய போஸ்டர் அதன்பின் ஒன்றுகூட எங்கள் கடையிலிருந்து போனதில்லை.

இப்போது ஷீலா அண்ணி கடைச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார். அடக்கத்துக்கு ஜம்புலிங்கமும் வேண்டாம்மாவும் வந்திருந்தார்கள். அமிர்தவல்லியம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நாற்பது போஸ்டரில் முப்பத்தொன்பதைத்தான் அன்று கண்டுபிடித்தோம். கடைசி ஒன்றை எங்கே ஒட்டினேன் என்று ஒட்டியவருக்கே நினைவில்லை. அதன்பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதைத் தேடித் திருக்கழுக்குன்றம் போவார். போன ஞாயிறும் போனார், மலையடிவாரத்துத் தாழக்கோயில் பின்பக்கத் தெருக்கள் முடிந்தன, இனிக் குளத்துப் பக்கம் மட்டும்தான் பாக்கி என்றார். குளத்துப் பக்கம் இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.